முகக் கறுப்புக்கு மூலிகைச் சரக்கு: கடைக்காரர் தெரிந்து விற்க வேண்டியவை

மளிகைக் கடைக்கு வரும் பெண்கள் பருப்பு, புளி எல்லாம் வாங்கி முடித்த பிறகு, கூட்டம் குறைந்ததும் சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணாச்சி, கன்னத்துல கறுப்பா படர்ந்திருக்கு. என்ன வாங்கிப் போட்டா போகும்?" நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை. கஸ்தூரி மஞ்சள் நூறு கிராம் என்று தராசில் கை வைத்துவிடுகிறோம். அடுத்த கடைக்காரர் நலங்கு மாவுப் பொட்டலத்தை நீட்டுகிறார். இன்னொருவர் வெளிநாட்டு எழுத்து அச்சிட்ட க்ரீம் டப்பாவை எடுத்து வைக்கிறார். மூன்றும் வியாபாரம்தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

உளுந்தில் கல் இருந்தால் வாடிக்கையாளர் சண்டை போட்டுவிட்டு மறுபடியும் வருவார். முகம் வெந்துபோனால் அவர் வரமாட்டார். அவருடைய தெருவே வராது. ஆகவே இந்தச் சரக்கை விற்கும் உறுப்பினர்கள் அதன் குணத்தையும், அதில் நடக்கும் கலப்படத்தையும், எதை விற்கக் கூடாது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. நான் வைத்தியன் அல்லன். நாட்டு மருந்துச் சரக்கு மொத்த வியாபாரத்தில் தலை நரைத்தவன். கையில் பிடித்துப் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

கறுப்பு எப்படி உண்டாகிறது?

தோலின் மேலடுக்குக்கு அடியில் நிறத்தை உண்டாக்கும் செல்கள் இருக்கின்றன. அவை செய்யும் கருநிறப் பொருளுக்கு மெலனின் என்று பெயர். உடம்பில் உள்ள டைரோசின் என்ற பொருளை மெலனினாக மாற்றுவதற்கு டைரோசினேஸ் என்ற நொதி தேவைப்படுகிறது. வெயில் பட்டால் மெலனின் கூடும். வெயிலுக்கு உடம்பு பிடிக்கும் குடை அதுதான். பரு, கொப்புளம், தீப்புண், அரிப்பு இவை ஆறிய இடத்திலும் கூடும். கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் சில பெண்களுக்குக் கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் திட்டாகப் படரும். இதைத்தான் மங்கு என்று சொல்கிறோம்.

செடிகொடிகளிலிருந்து எடுக்கும் பொருள்களில் சில, இந்த டைரோசினேஸ் நொதியின் வேகத்தைக் குறைக்கின்றன. அவ்வளவுதான் அவை செய்யும் வேலை. ஏற்கெனவே உண்டான கறுப்பை அவை துணி வெளுப்பது போல வெளுப்பதில்லை. பழைய தோல் மேலே வந்து உதிர்ந்து, அடியிலிருந்து நிறம் குறைந்த புதுத் தோல் வர வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடும். எனவே இரண்டு மூன்று மாதம் விடாமல் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். இடையில் உச்சி வெயிலில் தலைத்துணி இல்லாமல் திரிந்தால் போட்டதெல்லாம் வீண். இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், பத்தாம் நாள் "ஒன்றும் கேட்கவில்லையே" என்று அவர் குறைப்பட மாட்டார். பிறவி நிறம் மாறும் என்று மட்டும் சொல்லவே கூடாது. எந்த வேருக்கும் கிழங்குக்கும் அந்தச் சக்தி கிடையாது. மாநிறமான பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கல்யாணத்துக்கு முன் சிவப்பாக்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தில் குறை ஒன்றும் இல்லை என்பதுதான் நாம் சொல்ல வேண்டிய பதில்.

எல்லாக் கறுப்புக்கும் நம்மிடம் சரக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருந்தால், அது சர்க்கரை நோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். அவருக்குக் கஸ்தூரி மஞ்சள் விற்பதைவிட இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது நல்லது. தேமல் என்பது ஒரு வகைப் பூஞ்சையால் வருவது. அதற்குப் பூசுமருந்து தனி. உணர்ச்சி இல்லாத வெளிறிய திட்டு என்றால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தொழுநோய்க்கு அங்கே இலவசமாகவே மருந்து தருகிறார்கள். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் உள்ள ஒரு ரசாயனத்தால் வருவது. பொட்டை நிறுத்துவதுதான் அதற்கு முதல் வைத்தியம்.

அதிமதுரம்

தோல் கறுப்பைக் குறைக்கும் தாவரப் பொருள்களில் ஓரளவு நல்ல சாட்சி உள்ளது அதிமதுரத்துக்குத்தான். இது நம் நாட்டில் அதிகம் விளைவதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசிய நாடுகளிலிருந்து வருகிறது. இந்த வேரில் உள்ள கிளாப்ரிடின் என்ற பொருள் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது என்று 1998ல் ஆராய்ந்து எழுதினார்கள். அதே வேரில் உள்ள லிக்விரிடின் என்ற மற்றொரு பொருளைக் க்ரீமாக்கி, மங்கு உள்ள 20 பெண்களுக்கு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு வாரம் பூசிப் பார்த்தார்கள். 18 பேருக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெளிந்தது என்று 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. இருபது பேர் என்பது சிறு கணக்குதான். ஆனாலும் வெறும் கேள்விப்பட்ட சமாச்சாரம் அல்ல.

இங்கே கடைக்காரர் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. கிளாப்ரிடின் தண்ணீரில் கரைவதில்லை. சாராயம் போன்ற கரைப்பான்களில்தான் கரையும். ஆகவே அதிமதுரப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் அந்தச் சத்தில் மிகச் சிறு பங்குதான் தோலுக்குக் கிடைக்கும். ஆலையில் வேரை இடித்துக் கரைப்பானில் ஊற வைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கி எடுப்பதைத்தான் எக்ஸ்ட்ராக்ட் அல்லது சாரம் என்கிறார்கள். பொடி வேறு, சாரம் வேறு. பொடிக்கு உள்ள குணத்தைச் சாரத்தின் பெயரிலும், சாரத்தின் குணத்தைப் பொடியின் பெயரிலும் விற்பது சரியல்ல.

சாரத்திலும் பல தரம் இருக்கிறது. மிட்டாய்க்கும் இருமல் மருந்துக்கும் போகும் இனிப்பான பழுப்புத் தூளும் அதிமதுரச் சாரம்தான். நூற்றுக்கு நாற்பது பங்கு கிளாப்ரிடின் உள்ள தூளும் அதிமதுரச் சாரம்தான். முன்னதற்கும் பின்னதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சோப்பு, க்ரீம் செய்யும் சிறு தொழில்காரர்கள் நம்மிடம் கேட்டால், "எந்தச் சத்து, எத்தனை சதவீதம்?" என்று திருப்பிக் கேளுங்கள். சரக்கோடு பரிசோதனைச் சான்றிதழ் வாங்காமல் சாரம் கொள்முதல் செய்யாதீர்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று முதல் வகையை வாங்கி இரண்டாம் வகையாக விற்றவர்கள் இருக்கிறார்கள்.

வேராக வாங்கும்போது மேல்தோல் பழுப்பாகவும் உள்ளே நல்ல மஞ்சளாகவும் நார் நாராகவும் இருக்க வேண்டும். ஒரு துண்டை மென்றால் இனிப்பு உடனே ஏறி நெடுநேரம் நாக்கில் நிற்க வேண்டும். குன்றிமணிக் கொடியின் வேரை இதனுடன் கலந்து அனுப்புவது பழைய வழக்கம். ஆலையில் சத்தை எடுத்துவிட்டு உலர்த்திய சக்கையும் வருவதுண்டு; அது பார்வைக்கு வேர்தான், வாயில் போட்டால் விறகு. பொடியாக வாங்கினால் இவற்றில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நான் வேராக வாங்கி அரைப்பதையே சிபாரிசு செய்வேன். இது வெளிப்பூச்சுக்குச் சொல்வது. உள்ளுக்கு அளவு மீறிச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் கூடும். கேட்பவர்களிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

சாரம் என்பதைப் பற்றிப் பேசும்போது ஜப்பானில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு வகை மேப்பிள் மரப்பட்டையில் உள்ள ரோடோடெனால் என்ற பொருள் நிறத்தைக் குறைக்கும் என்று கண்டு, அரசு அனுமதி பெற்று, கனேபோ என்ற நிறுவனம் முகப்பூச்சுகளில் சேர்த்து விற்றது. பூசிய பெண்கள் பலருக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. 2013 ஜூலையில் 54 வகைப் பொருள்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர் தொகை 19,000க்கும் மேல் போயிற்று. சோதனைச்சாலையும் அனுமதியும் உள்ள பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று நம் கல்லாவில் இருந்துகொண்டு சொல்வது எவ்வளவு துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்.

கஸ்தூரி மஞ்சள்

நம் கடைகளில் இந்த வகையில் அதிகம் விற்பனையாவது கஸ்தூரி மஞ்சள். அதிகம் ஏமாற்று நடப்பதும் இதில்தான். பலருக்கு அசல் எது என்றே தெரியாது. பெயரில் மஞ்சள் இருப்பதால் நன்றாக மஞ்சளாக இருப்பதை நல்ல சரக்கு என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அசல் கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிறிய சந்தன நிறம், கிட்டத்தட்டப் பால்வெள்ளை. கற்பூர வாசனை அடிக்கும். ஈரக் கையில் தேய்த்தால் மஞ்சள் கறை பிடிக்காது. சமையல் மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமின் இதில் மிகவும் குறைவு. அதனால்தான் பெண்கள் முகத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்தார்கள். பூசிக்கொண்டு வெளியே போனாலும் முகம் மஞ்சளாகத் தெரியாது.

சந்தையில் கஸ்தூரி மஞ்சள் என்று வட்ட வட்டமாக நறுக்கி வருவதில் நிறைய, கேரளத்தில் மஞ்சக்கூவை என்று சொல்லும் வேறு கிழங்கு. அறுத்த பக்கம் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. அது நஞ்சு அல்ல. ஆனால் கேட்ட சரக்கும் அல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு முறை உடைத்துப் பார்த்துவிட்டால் பிறகு ஒருவரும் உங்களை ஏமாற்ற முடியாது. அசலுக்கும் மற்றதற்கும் தனித்தனி டப்பா வைத்துத் தனித்தனி விலை சொல்லி விற்பதே மரியாதை. வாடிக்கையாளர் "முன்னே வாங்கினது நல்ல மஞ்சளா இருந்துச்சே, இது வெளுத்துக் கிடக்கே" என்பார். அசலைக் கொண்டுவந்து வைத்தவன் அதற்கும் பதில் சொல்லித் தீர வேண்டியிருக்கிறது!

இதைவிட மோசமானது பொடியில் நடப்பது. மலிவான மாவில் சாயம் ஏற்றி விற்பவர்கள் உண்டு. மெட்டானில் எல்லோ என்பது துணிக்குப் போடும் சாயம். உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டது. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள் தூளைப் போட்டு வைத்தால், நல்ல தூள் அடியில் தங்கி மேலே உள்ள தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். சாயம் போட்டதென்றால் தண்ணீர் முழுவதும் அடர்ந்த மஞ்சளாக மாறும். கஸ்தூரி மஞ்சள் என்று சொல்லி வந்த பொடி தண்ணீரை அப்படி மாற்றினால் பரிசோதனைக்கே அவசியமில்லை, மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

சமையல் மஞ்சள் கிழங்குக்கு மெருகு ஏற்றும்போது ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் வண்ணத்தூளைப் பூசுவதும் நடந்திருக்கிறது. வங்காளதேசத்தில் 2019ல் எடுத்த மாதிரிகளில் நூற்றுக்கு 47ல் இது இருந்தது. அரசு அதிகாரிகள் டாக்காவில் மொத்த வியாபாரச் சந்தையில் சோதனை நடத்தி, இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு எட்டு லட்சம் டாக்கா அபராதம் விதித்து, அதைத் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள். 2021ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் இல்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் வீடுகளில் மஞ்சள் சமையலுக்கும் போகிறது, குளியலுக்கும் போகிறது என்பதை மனதில் வைத்து, அளவுக்கு மீறிப் பளபளக்கும் கிழங்கை வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

மற்றச் சரக்குகள்

பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொட்டு, மகிழம்பூ இவையெல்லாம் வாசனைக்கும் அழுக்கு நீக்குவதற்கும் நல்லவை. கறுப்பைப் போக்கும் என்று சொல்லி விற்க வேண்டியதில்லை. இவற்றில் பூலாங்கிழங்கும் கிச்சிலிக்கிழங்கும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். வெளியூருக்கு ஆர்டர் கொடுக்கும்போது மாதிரி அனுப்பச் சொல்லிப் பார்த்து வாங்குவது நல்லது. மஞ்சிட்டி தோல் நோய்களுக்கு வைத்தியர்கள் எழுதும் சரக்கு; செந்நிறச் சாயம் ஏறும், துணியில் பட்டால் போகாது. செஞ்சந்தனம் என்றால் பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். வனத்துறைச் சட்டம் கடுமையானது.

எலுமிச்சம் பழத்தை முகத்தில் தேய்க்கச் சொல்லும் வழக்கம் எப்படியோ பரவிவிட்டது. அதன் புளிப்பு தோலை அரிக்கும். தேய்த்துவிட்டு வெயிலில் போனால் சிலருக்குக் கொப்புளம் கிளம்பி, ஆறிய பிறகு முன்பு இருந்ததைவிடக் கறுத்துவிடும். சேராங்கொட்டையை மருவுக்கும் மறுவுக்கும் வைக்கலாம் என்று யாராவது கேட்டால், முகத்துக்கு என்று தெரிந்து ஒரு கொட்டைகூடக் கொடுக்காதீர்கள். அது சுடும்.

கார்போகரிசி

நலங்கு மாவுக்குச் சாமான் எழுதிக்கொண்டு வரும் சீட்டுகளில் கார்போகரிசி என்று ஒன்று இருக்கும். கறுத்து, தட்டையாக, அவரை விதையைச் சிறிதாக்கியது போல இருக்கும். தனி வாசனை உண்டு. வாசனைக்காகச் சேர்க்கிறோம் என்பார்கள். இந்த விதையில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வழக்கத்தைவிடப் பல மடங்கு வெயிலை உறிஞ்சிச் சிவந்து, கொப்புளித்து, பிறகு கறுக்கும். இந்தக் குணத்தை வைத்துத்தான் வெண்புள்ளி உள்ளவர்களுக்கு வைத்தியர்கள் இதைப் பூசி, கணக்கான நேரம் வெயில் காட்டி நிறம் வரவழைக்கிறார்கள். அதாவது கறுப்பை வரவழைக்கும் மருந்து இது. இதைப் போய்க் கறுப்பு நீங்க வேண்டும் என்று வரும் பெண்ணுக்குப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்?

நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லரைக் கடைக்காரர் ஒருவர், பக்கத்து ஊரில் தன் கடை நலங்கு மாவு தேய்த்துக் குளித்துவிட்டுக் களை எடுக்கப் போன பெண்களுக்குக் கழுத்தும் கையும் எரிந்து கறுத்ததாகப் புகார் வந்தது என்றார். மஞ்சளில் கலப்படம் இருக்கிறது என்பது அவருடைய சந்தேகம். சாமான் சீட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கிலோ பயறுக்குக் கால் கிலோ கார்போகரிசி. வேறு ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. அதை நிறுத்திய பின் புகார் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே விதையிலிருந்து எடுக்கும் பாகுசியோல் என்ற பொருளுக்கு இன்று உலகம் முழுவதும் முகப்பூச்சுத் தொழிலில் நல்ல மதிப்பு. ஆனால் அங்கே சோராலெனைப் பிரித்து நீக்கிவிட்டுச் சுத்தம் செய்த பொருளைத்தான் உபயோகிக்கிறார்கள். "பெரிய கம்பெனியே கார்போகரிசி போடுகிறது" என்று சொல்லி விதையை அப்படியே அரைத்து விற்பது அந்தக் கணக்கில் சேராது. வைத்தியர் சீட்டுக்கு மட்டும் கார்போகரிசி கொடுப்பது என்று ஒரு வழக்கத்தை நாம் வைத்துக்கொண்டால் போதும்.

மூலிகைப் பெயரில் வரும் க்ரீம்

பையில் போட்டுக்கொண்டு வந்து, நல்ல கமிஷன் சொல்லி, கடைக்குக் கடை க்ரீம் போட்டுவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். டப்பாவின் மேல் வேப்பிலையும் கற்றாழையும் படம் போட்டிருக்கும். உள்ளே பாதரசம் இருக்கலாம். பாதரச உப்பு அந்த நொதியை அடியோடு முடக்கிவிடுவதால் முகம் சீக்கிரமே வெளுத்துத் தெரியும். வாடிக்கையாளர் மகிழ்ந்து அடுத்த டப்பாவும் கேட்பார். பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும்.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, அந்த நோயில் அபூர்வமாக வரும் ஒரு ரகம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருவதற்கு முன் முகம் வெளுக்கும் க்ரீம் பூசி வந்தவர்கள். முகத்துக்குப் போட்டது சிறுநீரகத்தில் போய் நிற்கிறது.

நம் நாட்டில் அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்த்துத் தயாரிக்கச் சட்டப்படி தடை. தற்செயலாகக் கலந்திருந்தாலும், கண் பகுதிக்குப் போடும் பொருள்கள் நீங்கலாக, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதி. டப்பாவில் தயாரித்தவர் பெயர், விலாசம், உரிம எண், பேட்ச் எண், தேதி, சேர்க்கப்பட்ட பொருள்கள் இவை இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இல்லாத சரக்குக்குக் கமிஷன் எவ்வளவு சொன்னாலும் கடைக்குள் விடாதீர்கள். வெளிச்சத்தில் வைத்தால் சாம்பல் நிறமாக மாறும் க்ரீம், பாதரசம் என்பதற்கு ஓர் அடையாளம். மாறவில்லை என்பதால் நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம்.

மருந்துக் கடையில் விற்கும் ஸ்டீராய்டு க்ரீம்களையும் சிலர் மளிகைக் கடையில் வைத்து விற்றார்கள். 2018 மார்ச்சில் அரசு அறிவிப்பின்படி, 14 வகை ஸ்டீராய்டு பூசுமருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆகிவிட்டது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளம் தெரிந்து, நிறுத்தியவுடன் முகம் எரியத் தொடங்கும். நமக்கு அந்த வியாபாரம் வேண்டாம்.

அரைப்பும் பொட்டலமும்

சரக்குகளைத் தனித்தனியாக எடை போட்டு விற்பது நம் வழக்கமான வியாபாரம். அவற்றை அரைத்துக் கலந்து, பெயர் அச்சிட்டு, "முகக் கறுப்பு நீங்கும்" என்று போட்டுப் பொட்டலம் கட்டினால் அது தயாரிப்புத் தொழில். அழகுப் பொருளாகவோ சித்த, ஆயுர்வேத மருந்தாகவோ அதற்கு உரிமம் எடுக்க வேண்டும். பலர் இதை அறியாமல் லேபிள் அடித்துவிட்டு, அதிகாரி வந்து நின்ற பிறகு சங்க அலுவலகத்துக்கு ஓடி வருகிறார்கள்.

வீட்டு உபயோகத்துக்குச் சாமான் கேட்பவர்களுக்கு நம் மண்டியில் சொல்லும் அளவு இது. பச்சைப்பயறு 1 கிலோ, அசல் கஸ்தூரி மஞ்சள் 100 கிராம், பூலாங்கிழங்கு 100 கிராம், ஆவாரம்பூ 100 கிராம், அதிமதுரம் 50 கிராம், கோரைக்கிழங்கு 50 கிராம், வெட்டிவேர் 50 கிராம், ரோஜா மொட்டு 50 கிராம். எல்லாவற்றையும் நிழலில் காய வைத்து அரைக்க வேண்டும். முதல் தடவை உபயோகிப்பவர்கள் முகத்தில் போடுவதற்கு முன் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு அரிப்போ சிவப்போ இல்லை என்றால் போடலாம்.

அரைவை மில்லுக்கு அனுப்பும்போது, முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த மிஷினில் நலங்கு மாவை அரைத்துக்கொண்டு போய், முகம் எரிகிறது என்று நம்மிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. முதலில் இரண்டு படி பயறோ அரிசியோ போட்டு ஓட்டிக் கழித்துவிட்டுப் பிறகு அரைக்க வேண்டும். அரைத்த மாவு சூடு ஆறும் முன் டப்பாவை மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஈரக் கையை உள்ளே விட்டாலும் அப்படியே. கிழங்கு, வேர் வகைகளில் வண்டு சீக்கிரம் விழுவதால், கடையில் மூன்று மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்கி அடுக்காமல், மூட்டையின் மேல் வந்த தேதியை எழுதி வைத்துப் பழையதை முதலில் தள்ளிவிடுங்கள். வண்டு துளைத்த அதிமதுரத்தை வெயிலில் காய வைத்துப் பொடியாக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள், அந்தப் பொடியை முதலில் தங்கள் வீட்டில் உபயோகித்துப் பார்க்கட்டும்.